வீட்டுக்குள் செடி வளர்க்கும் பெரிய விளக்குக்குக் கரண்டு எங்கிருந்து எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் ஸ்டோர் ரூமில் நான் கீரை வளர்க்கிறேன். முளைக்கீரை, வெந்தயக்கீரை, கொஞ்சம் கங்கோங், ஒரு மூலையில் பிடிவாதமாக வளர மறுக்கும் கறிவேப்பிலை. கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பதால், விளக்கு மாட்டப் போகும் நண்பர்கள் எல்லாரும் முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டு ஒயரிங் செய்யும் உரிமம் என்னிடம் இல்லை. என் வீட்டு வேலையையும் உரிமம் உள்ளவர்தான் செய்தார்.

காணொளிகளில் “டிரையர் பிளக்கிலிருந்து எடு” என்கிறார்களே, அது என்ன?

அது அமெரிக்க வீட்டுக் கதை. அங்கே சாதாரண சாக்கெட்டில் வருவது 120 வோல்ட். துணி உலர்த்தும் டிரையருக்கு அது போதாது என்பதால் அதற்கு மட்டும் 240 வோல்ட், 30 ஆம்பியரில் தனி லைன் இழுத்திருப்பார்கள். பெரிய விளக்கு வாங்கியவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அந்த லைனைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள். அங்குள்ள விதிப்படி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் பளு, பிரேக்கர் (கரண்டு அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 24 ஆம்பியர், 5760 வாட்.

அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய டிரையர் சாக்கெட்டில் மூன்று துளைதான், தனி எர்த் கிடையாது. புதிய வீடுகளில் எர்த்தோடு நான்கு துளை வேண்டும் என்று அங்கே 1996-ல்தான் விதி வந்தது. எர்த் இல்லாத அந்த மூன்று துளை சாக்கெட்டில் உலோக உடம்பு உள்ள விளக்கை மாட்டுவது அமெரிக்காவிலேயே தப்பு.

சரி, நம் வீட்டில் அதற்கு இணையானது எது?

எதுவும் இல்லை, தேவையும் இல்லை. இங்கே எல்லாச் சாக்கெட்டிலும் வருவது 230 வோல்ட்தான். அவர்கள் டிரையர் லைனைத் தேடிப் போவதற்கான காரணமே நமக்குக் கிடையாது. நம்மில் பலருக்கு டிரையரே கிடையாது, துணி காய்வது மூங்கில் கம்பில். டிரையர் இருந்தாலும் அது பெரும்பாலும் மற்ற சாமான்களைப் போல 13 ஆம்பியர் பிளக்கில்தான் ஓடும்.

இங்கே கவனிக்க வேண்டியது மூன்று: 13 ஆம்பியர் சாக்கெட், சில வீடுகளில் இருக்கும் உருண்டைப் பின் 15 ஆம்பியர் பாயிண்ட், இவற்றுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் மெயின் பிரேக்கர்.

எனக்கு எத்தனை வாட் விளக்கு வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கடையில் 1000 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பல மலிவு விளக்குகளில் அட்டையில் போட்டிருக்கும் எண் வேறு, சுவரிலிருந்து இழுக்கும் வாட் வேறு. விளக்கின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள இன்புட் வாட்டையும் ஆம்பியரையும் மட்டும் நம்புங்கள்.

நல்ல எல்இடி விளக்காக இருந்தால் கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 120 வாட், நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். இதுவே தாராளம். மிளகாய், தக்காளி காய்க்க வேண்டுமென்றால் 200 முதல் 300 வாட் வரை போகலாம். ஸ்டோர் ரூம் அளவு இடத்துக்கு 500 வாட் போதும், அதை எந்த சாதாரண சாக்கெட்டும் தாங்கும். இந்தப் பக்கத்தைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் இதோடு எழுந்து போய்விடலாம். அறை முழுவதும் அடுக்கு வைத்து நான்கைந்து பெரிய விளக்கு மாட்டப் போகிறவர்கள் மட்டும் தொடருங்கள்.

ஒரு 13 ஆம்பியர் சாக்கெட்டில் எவ்வளவு மாட்டலாம்?

கணக்கு எளிது. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 13 ஆம்பியர் என்றால் 2990 வாட். ஆனால் அது கெட்டிலுக்குப் பொருந்தும் கணக்கு. கெட்டில் நான்கு நிமிடத்தில் அணைந்துவிடும், விளக்கு 16 மணி நேரம் எரியும். பிளக்குக்கு ஆற நேரமே கிடைக்காது. அதனால் 10 ஆம்பியரை, அதாவது 2300 வாட்டை, என் எல்லையாக வைத்திருக்கிறேன். அதுவும் சாக்கெட் புதிதாக, பிடிப்பாக இருந்தால்தான்.

பிடிப்பு என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் வருடம் 480 வாட் விளக்கு இரண்டு, ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று, சின்ன விசிறிகள், எல்லாம் சேர்த்து 6 ஆம்பியர்தான். பழைய எக்ஸ்டென்ஷன் ஒன்றில் மாட்டியிருந்தேன். ஒருநாள் இரவு மனைவி சமையலறையிலிருந்து, “என்னங்க, யாரு வீட்டுல இந்நேரத்துக்கு மீன் பொரிக்கிறாங்க?” என்றாள். நானும் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் வாடை ஸ்டோர் ரூமிலிருந்து வருவது புரிந்தது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் லைவ் பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் தேத்தண்ணி நிறத்தில் பழுத்து, ஓரம் கொப்புளம் கட்டியிருந்தது. பின்னில் கருநீலக் கறை. சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, பின்னைச் சரியாகக் கவ்வவில்லை. தொடுமிடம் சிறுத்தால் அங்கே சூடு ஏறும். ஆம்பியர் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும். பிரேக்கருக்கு இது தெரியாது. அதன் கண்ணில் அது வெறும் 6 ஆம்பியர்.

சூடேறிய மின்சாமான் பிளாஸ்டிக் மீன் வாடை அடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். புதிதாக மாட்டினால் இரண்டு மணி நேரம் கழித்துப் பிளக்கின் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அணைத்துவிட்டு சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.

எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம். கம்பியைச் சுருட்டியபடியே வைக்கும் ரீல் வகையும் வேண்டாம், சுருளுக்குள் சூடு தேங்கும்.

சர்வீஸ் யார்டில் 15 ஆம்பியர் பாயிண்ட் சும்மா கிடக்கிறது. அதில் எல்லா விளக்கையும் மாட்டலாமா?

இதுதான் உண்மையான கேள்வி. அமெரிக்கர்களின் டிரையர் லைன் சிக்கல் நம் ஊரில் வேறு உருவத்தில் வருவது இங்கேதான்.

13 ஆம்பியர் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது. உருண்டைப் பின் 15 ஆம்பியர் பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது. அதற்குக் காவல் டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) இருக்கும் எம்சிபி என்ற சின்ன பிரேக்கர் மட்டும்தான், அது பெரும்பாலும் 20 ஆம்பியர். எம்சிபி காப்பது சுவருக்குள் ஓடும் கனமான ஒயரை. உங்கள் விளக்கோடு வந்த மெல்லிய கம்பியை அல்ல. அந்தக் கம்பி பல விளக்குகளில் 0.75 சதுர மில்லிமீட்டர்தான், தாங்குவது ஏறத்தாழ 6 ஆம்பியர். விளக்குக்குள் ஏதோ கெட்டு 15 ஆம்பியர் இழுக்கத் தொடங்கினால் எம்சிபி அசையாது. 20 ஆம்பியர் எம்சிபி 22 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் விழாமல் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. அதற்குள் கம்பி உருகிவிடும்.

அமெரிக்காவில் 30 ஆம்பியர் டிரையர் லைனில் விளக்கை நேராகக் கோர்த்தால் ஆபத்து என்பதும் இதே காரணத்தால்தான். அங்கே விவரம் தெரிந்தவர்கள் நடுவில் ஒரு சிறு பெட்டி வைத்து, அதில் 15 அல்லது 20 ஆம்பியர் பிரேக்கர்களாகப் பிரித்துத்தான் விளக்குக்குக் கொடுப்பார்கள். நாமும் அதையே செய்ய வேண்டும். 15 ஆம்பியர் லைனின் முனையில் சின்ன டிபி பாக்ஸ் ஒன்று, அதிலிருந்து விளக்குக் கம்பி தாங்கும் அளவுக்கேற்ப 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி வழியாக ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாக. பெரிய காவலிலிருந்து மெல்லிய கம்பிக்கு இறங்கும் இடத்தில் சின்னக் காவல் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கடையில் 15-லிருந்து 13-க்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கும். அதில் எதையாவது சொருகிவிட்டு 16 மணி நேரம் ஓட விடாதீர்கள்.

13 ஆம்பியர் பிளக்கிலேயே மாட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை. 480 வாட் விளக்கின் பிளக்கைத் திறந்து பாருங்கள். உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு 5 ஆம்பியர் போடுங்கள். விளக்கு இழுப்பது 2 ஆம்பியர் சொச்சம்தான்.

வாட்டர் ஹீட்டர் சுவிட்சிலிருந்தோ ஏர்கான் பாயிண்டிலிருந்தோ பிரித்து எடுக்கலாமா?

கூடாது. அவை ஒரே சாமானுக்கு என்று இழுத்த தனி லைன்கள்.

மெயின் 40 ஆம்பியர்தானே. தாங்குமா?

பழைய வீவக வீடுகள் சிலவற்றில் அது 30 ஆம்பியர்தான், டிபி பாக்ஸைத் திறந்து முதலில் அதைப் பாருங்கள். 40 என்றால் மொத்தம் 9200 வாட், 30 என்றால் 6900.

இரவு ஏழரை மணியை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் குளிக்க 3000 வாட் ஹீட்டர் ஓடுகிறது, 13 ஆம்பியர். இரண்டு அறை ஏர்கான், 6 அல்லது 7. அம்மாவுக்குக் காப்பி போடக் கெட்டில், 9 அல்லது 10. உங்கள் விளக்கு 10. இப்போதே 39 ஆகிவிட்டது, இன்னும் குளிர்பதனப் பெட்டியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் சேர்க்கவே இல்லை. 30 ஆம்பியர் வீட்டில் இந்தக் கணக்கு எடுபடவே எடுபடாது.

இதற்குக் கம்பி இழுக்க வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். செடிக்கு நம் பகல் இரவெல்லாம் கவலையில்லை. இரவு பத்தரைக்கு விளக்கை ஏற்றி மறுநாள் மதியம் அணைத்தால் மாலை நெரிசலில் விளக்கே இருக்காது. அறையும் கொஞ்சம் சூடு குறைவாக இருக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் மின்பளுவை 30-லிருந்து 40-க்கு உயர்த்த விண்ணப்பிக்கலாம். அதை உரிமம் பெற்ற மின்பணியாளர் வழியாகத்தான் செய்ய வேண்டும்.

விளக்கு போட்ட அந்த நொடியே எம்சிபி விழுகிறது. ஷார்ட்டா?

பெரும்பாலும் இல்லை. எல்இடி டிரைவருக்குள் (விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் கெபாசிட்டர் முதல் கணத்தில் ஒரு பெரிய மடக்கு கரண்டு குடிக்கும். விளக்கு 2 ஆம்பியர்தான் என்றாலும் அந்தக் கணத்தில் பல பத்து ஆம்பியர் ஏறி, ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதியில் இறங்கிவிடும். பி வகை எம்சிபி தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். எலக்ட்ரீஷியனிடம் சி வகை போடலாமா என்று கேளுங்கள். நாமே செய்யக்கூடியது, விளக்குகளை ஒரே நேரத்தில் ஏற்றாமல் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக ஏற்றுவது.

எம்சிபி விழவில்லை, ஆர்சிசிபி விழுகிறது. அதை மாற்றிவிடலாமா?

ஆர்சிசிபி உங்கள் உயிருக்குக் காவல். லைவில் போன கரண்டு நியூட்ரலில் திரும்பி வராமல் எங்காவது ஒழுகினால், வீட்டு வகை ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்குள் துண்டித்துவிடும். சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பின் வந்த வீடுகளில் இது இருக்கும். அதற்கு முந்தைய வீடுகளும் பொருத்தியாக வேண்டும் என்று 2023-ல் எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது, அதற்குக் கொடுத்த காலக்கெடுவும் 2025 ஜூலை 1-ல் முடிந்துவிட்டது. அதைச் சுற்றிக்கொண்டு ஒயர் போடுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஒவ்வொரு எல்இடி டிரைவரும் கெடாமலேயே எர்த்துக்குக் கொஞ்சம் ஒழுக விடும், ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாக. பத்து டிரைவர், இரண்டு கணினி, துணி துவைக்கும் இயந்திரம் என்று சேர்ந்தால் ஆர்சிசிபி விளிம்புக்கு வந்து நிற்கும், மழைக்கால ஈரம் கடைசித் தள்ளு தள்ளிவிடும். ஆனால் அப்படித்தான் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். விளக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட விளக்கால் மட்டும் விழுகிறது என்றால் அது கெட்டுவிட்டது, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

என் வீட்டில் விளக்கு லைனுக்கு மட்டும் தனி ஆர்சிபிஓ போட்டிருக்கிறோம், எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாய்ச் சேர்ந்தது. இப்போது செடி விளக்கில் கோளாறு என்றால் பெரும்பாலும் அந்த லைன் மட்டும் விழும். ஃப்ரீசரில் இருக்கும் வஞ்சிரம் தப்பிக்கும்.

ஒயர் நிறம் ஏன் குழப்புகிறது?

ஏனென்றால் மூன்று முறைகள் கலந்து கிடக்கின்றன. இன்றைய சிங்கப்பூர் முறையில் ஒற்றை ஃபேஸுக்கு லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சை மஞ்சள். 2009-ல் இது மாறுவதற்கு முன் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. அமெரிக்க விளக்கின் கம்பியிலோ கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். பழைய வீட்டில் கறுப்பு என்றால் நியூட்ரல், அந்தக் கம்பியில் கறுப்பு என்றால் லைவ். நிறத்தை வைத்து ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டு விளக்கு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தகட்டில் 100 முதல் 240 அல்லது 277 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மின்சாரத்தைப் பொறுத்தவரை சரி. 120 வோல்ட் மட்டும் என்றால் இங்கே போட்ட நொடியே புகை. பழைய சோடியம் விளக்குகளின் கனமான இரும்பு பேலஸ்ட் 60 ஹெர்ட்ஸுக்கு என்று செய்ததாக இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகக் கரண்டு இழுத்துச் சூடாகும். பிளக், அடாப்டர், எக்ஸ்டென்ஷன் போன்றவற்றில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே விற்கும் கட்டுப்பாட்டுப் பொருள்களுக்கு அது கட்டாயம்.

பத்து வெள்ளி டைமர் போதுமா?

ஒரு சின்ன விளக்குக்குப் போதும். அதில் 13 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர் மாதிரி சாமானுக்கு. எல்இடியின் முதல் மடக்கு கரண்டு தினமும் அதன் தொடுமுனையில் பொறி கிளப்பி, ஒருநாள் இரண்டையும் ஒட்டவைத்துவிடும். அப்புறம் டைமர் சுற்றும், விளக்கு அணையாது. இரண்டு மூன்று பெரிய விளக்கு என்றால் டைமர் ஒரு கான்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் மின்சுவிட்ச்) மட்டும் இயக்கட்டும், கான்டாக்டர் விளக்குகளை இயக்கட்டும்.

தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறதே?

சாக்கெட், டிரைவர், டைமர் எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும். தரையில் வேண்டாம். கம்பி சாக்கெட்டுக்குள் போவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறட்டும். கம்பியில் வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. செலவில்லாத வேலை, ஆனால் பத்தில் எட்டு வீட்டில் நான் பார்ப்பதில்லை. விளக்கின் உலோக உடம்புக்கு எர்த் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

குண்டுகாப்பு அறையில் வைக்கலாமா?

சின்னதாக வைக்கலாம். ஆனால் அந்தச் சுவரை இஷ்டத்துக்குக் குடைந்து ஒயர் இழுக்க முடியாது, கதவைச் சாத்தினால் காற்றும் ஓடாது. 500 வாட் விளக்கு அந்த அறையில் ஒரு சின்ன ஹீட்டர் மாதிரிதான்.

எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்லிக் கேட்பது?

முதலில் ஆள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற மின்பணியாளர்களைத் தேடலாம். வீட்டு வேலைக்கு எலக்ட்ரீஷியன் நிலை உரிமமே போதும், அது 45 கேவிஏ வரை செல்லும். “தெரிஞ்ச பையன், நல்லா செய்வான்” என்பது உரிமம் அல்ல.

“விளக்குக்கு ஒரு பாயிண்ட் போடுங்கண்ணே” என்று மட்டும் சொன்னால் அவர் சாதாரண சாக்கெட் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், தப்பு அவருடையதல்ல. 2000 வாட், நாளுக்கு 16 மணி நேரம், எல்லாம் எல்இடி டிரைவர், பக்கத்தில் தண்ணீர் இருக்கும் என்று சொல்லுங்கள். டிபி பாக்ஸிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், கைக்கு எட்டும் இடத்தில் ஒரே சுவிட்சில் எல்லாவற்றையும் அணைக்கும் ஐசோலேட்டர் கேளுங்கள். ஒயர் தடிமனை அவர் முடிவு செய்யட்டும். முடிந்ததும் எர்த்தையும் இன்சுலேஷனையும் மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள்.

மாதம் எவ்வளவு செலவாகும்?

480 வாட், 14 மணி நேரம், 30 நாள்: 200 யூனிட் சொச்சம். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 60 வெள்ளி. அந்த அறையில் ஏர்கான் ஓடினால் இன்னும் கூடும், ஏனென்றால் விளக்கு இழுக்கும் வாட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 600 வாட் விளக்கு ஒன்று 9000 பிடியு ஏர்கானின் குளிரூட்டும் திறனில் கிட்டத்தட்ட கால் பங்கைத் தின்றுவிடும். தேக்கா சந்தையில் 60 வெள்ளிக்கு எவ்வளவு கீரை கிடைக்கும் என்று என் மனைவி மாதாமாதம் நினைவூட்டுகிறாள்.

இந்த விளக்கு வைத்திருப்பது சட்டப்படி தப்பா?

விளக்கு தப்பில்லை. கஞ்சா வளர்ப்பது போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டப்படி கடும் குற்றம். கீரைக்கு யாரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை.

கருகல் வாடையோ புகையோ வந்தால்?

பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள், ஐசோலேட்டரையோ மெயினையோ அணையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ சின்னதாக இருந்து, உலர்தூள் அணைப்பான் கையில் இருந்து, உங்கள் முதுகுப் பக்கம் வாசல் இருந்தால் மட்டும் முயலுங்கள். இல்லையென்றால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 995. 2018 ஜூனுக்குப் பின் வந்த புது வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீடு என்றால் ஒன்று வாங்கி, விளக்கு இருக்கும் அறை வாசலில் மாட்டுங்கள்.

டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். ஓட விட்டுப் போகலாமா?

வேண்டாம். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் இருப்பதையெல்லாம் அறுத்துப் பக்கத்து வீட்டு மலாய் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அப்புறம் அந்த லைனின் பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் விமான நிலையம். கறிவேப்பிலையைத் தாழ்வாரத்தில், வழியை மறைக்காமல், வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டுப் போவேன். போன முறை திரும்பி வந்து பார்த்தால் ஸ்டோர் ரூமில் ஆறு மாதத்தில் விடாத துளிரை அங்கே மூன்று வாரத்தில் விட்டிருந்தது.